பதினோராவது பொருத்தம்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படை ஏழெட்டு வருஷம் வெளியே கிடந்து வெயிலில் காய்ந்தது. ஆனந்தராஜ் மூன்றே மாதத்தில் ஊரைப் பிடித்துவிட்டார். அவரிடம் யானை இல்லை, பீரங்கி இல்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. அது டிக் டிக் என்றது. நம் ஜனங்களுக்கு அது போதாதா?

திருவண்ணாமலை ரோட்டில் மூடிக் கிடந்த மாவு மில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வெள்ளையடித்தார். வாசலில் அவர் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டு ஒரு லாரியை மறைக்கும். 'பிரபஞ்ச பாசிட்ரான் திருமணப் பொருத்த நிலையம்.' கீழே ஒரு நட்சத்திரக் கூட்டம் சுழல, அதன் நடுவில் வெள்ளைக் கோட்டும் உருத்திராட்சமும் போட்டுக்கொண்டு ஆனந்தராஜ் சிரித்தார். வலது மூலையில் பிள்ளையார். இடது மூலையில் செயற்கைக்கோள். எந்தக் கட்சிக்காரனும் விட்டுப் போகக் கூடாது அல்லவா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை பார்க்க வந்தவர்களைவிட மில் பார்க்க வந்தவர்கள் அதிகம். திண்டிவனம், வந்தவாசி, சேத்துப்பட்டு என்று வேன் பிடித்து வந்தார்கள். காலை ஆறு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். வெள்ளரிப் பிஞ்சு விற்றவர் வெள்ளரியை விட்டுவிட்டு 'டார்க் மேட்டர் கயிறு' விற்கப் போய்விட்டார். பழைய கறுப்புக் கயிறுதான். பெயர் மாறியதும் விலை மாறியது.

ஆனந்தராஜ் யார் என்று கேட்டால், ஊரில் வயலுள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக்கொண்டு நிலத்தில் நடந்து போர்வெல்லுக்குப் புள்ளி வைத்தவர். பனமலைப் பக்கம் மட்டும் அவர் வைத்த புள்ளி ஆறு இருக்கிறது. ஆறிலும் நல்ல காற்று வருகிறது. பிறகு இரிடியம் கலசம் விற்றார். கூட்டாளி உள்ளே போனான்; இவர் பெங்களூர் போனார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது பெயருக்கு முன்னால் டாக்டர் முளைத்திருந்தது. பல்லுக்கா மாட்டுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

பெங்களூரில் அவர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த வீடியோ உண்மை.

அண்டத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனால் ஏதோ ஒன்று பிடித்து இழுப்பது போல நட்சத்திரக் கூட்டங்கள் சுழல்கின்றன. இழுப்பது எதுவோ அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தாயிற்று, ஆளைத்தான் பார்த்ததில்லை. அதன் துகள்கள் இரண்டு மோதி அழிந்தால் பாசிட்ரான் தெறிக்கலாம் என்று ஒரு கணிப்பு. பாசிட்ரான் என்பது எதிர்ப்பொருள். எலக்ட்ரானின் அதே எடை, மின்சாரம் மட்டும் நேர்மாறு. வானத்திலிருந்து அது தரைக்கு முழுசாக வந்து சேராது, வழியிலேயே காற்றில் மோதி ஒழிந்துவிடும். அதனால் விண்வெளி நிலையத்தின் முதுகில் பெரிய காந்தம் ஒன்றைக் கட்டிவைத்து, காஸ்மிக் கதிரில் வருகிற துகள்களைப் பத்து வருஷத்துக்கும் மேலாக எண்ணுகிறார்கள். காந்தத்துக்குள் நுழைந்தால் எலக்ட்ரான் ஒரு பக்கம் வளையும், பாசிட்ரான் மறு பக்கம் வளையும். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே பாசிட்ரான் கிடைத்திருக்கிறது. கரும்பொருளின் வேலையா என்று கேளுங்கள். "இருக்கலாம். செத்துப்போன நட்சத்திரம் ஒன்று சுழன்று துப்புவதாகவும் இருக்கலாம். இன்னும் தெரியாது" என்பார்கள்.

லட்சக்கணக்கில் எண்ணிவிட்டுத் தெரியாது என்கிறான். அவனை நம்மூரில் யார் மதிப்பார்கள்? ஒரே நிமிஷத்தில் தெரியும் என்றார் ஆனந்தராஜ். அவர் காலில் விழுந்தார்கள்.

அவருடைய வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கிரகங்களின் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத ஆறில் ஐந்து பங்கை எந்த ஜோசியன் பார்த்தான்? பத்தும் பொருந்திய கல்யாணம் கோர்ட்டுக்குப் போவது அதனால்தான். பதினோராவதாகக் கரும்பொருள் பொருத்தம் பார்க்க வேண்டும். ஓர் உடம்பில் கரும்பொருள் தேங்கியிருந்தால் அதிலிருந்து பாசிட்ரான் கிளம்பும், பெட்டி சொல்லிவிடும். முக்கால் உண்மையில் கால் பொய்யைக் கலப்பவன்தான் கைதேர்ந்தவன். முழுப் பொய்யன் தேர்தலில்கூட இரண்டாம் முறை ஜெயிப்பதில்லை.

மில்லுக்குள் கல்யாண மண்டபத்து சிம்மாசனங்கள் இரண்டு கிடந்தன. மாப்பிள்ளைக்கு நீல வெல்வெட், பெண்ணுக்குச் சிவப்பு வெல்வெட். இருவரும் உட்கார்ந்ததும் ஆனந்தராஜ் மஞ்சள் பெட்டியை எடுப்பார். பெட்டியின் தலையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும். விண்வெளியிலும் காந்தம் இருக்கிறதே. முதலில் மாப்பிள்ளையின் நாற்காலிக் கைப்பிடியில், முழங்கைக்குப் பக்கத்தில் வைப்பார். ஒரு நிமிஷம். டிக்... டிக். முப்பது, முப்பத்தொன்று. பிறகு பெண்ணின் கைப்பிடியில். கல்யாண வீட்டில் அப்பளம் பொரிக்கிற சத்தம் வரும். இருநூறைத் தாண்டும்.

பெண்ணின் அம்மா அங்கேயே அழுவாள். பரிகாரம் உண்டு. கரும்பொருள் இரும்பில் ஒட்டாது, பித்தளையில் ஒட்டாது, தங்கத்தில் மட்டும் ஒட்டும். பெண் போட்டிருக்கும் நகை ஒன்றை நிலையத்தில் விட்டுவிட வேண்டும். அது கறையை இழுத்துக்கொள்ளும். அந்த நகையை ஆனந்தராஜ் அமாவாசையன்று மலையுச்சியில் புதைத்துவிடுவார். நகையை விட்டதும் மறுபடி பெட்டி வைப்பார். சத்தம் அடங்கியிருக்கும். அழுத அம்மா கும்பிடுவாள்.

பதினோரு மாதம் இது நடந்தது. பதினோரு மாதத்தில் ஒரு மாப்பிள்ளைக்குக்கூடப் பெட்டி இரைந்ததில்லை. ஒரு பெண்கூட இரையாமல் தப்பியதில்லை. இது எப்படி என்று ஒரே ஒருவர், பொழுது போகாமலாவது, கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கோளாறு என்றால் பெண்ணிடம்தானே இருக்கும்? ஆனந்தராஜ் புதிதாக எந்தப் பொய்யும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே வெட்டியிருந்த பள்ளத்தில் தண்ணீர் விட்டார், அவ்வளவுதான்.

இந்தச் சிவப்பு நாற்காலியில் ஒரு நாள் வெண்மதி வந்து உட்கார்ந்தாள்.

வெண்மதி செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் எடை போடுகிறவள். சுற்றுப்பட்டு ஊர்களின் நெல்லும் மணிலாக் கடலையும் அவள் தராசு ஏறித்தான் வியாபாரியிடம் போகும். அவளுடைய நைனா முருகையன் அதே கமிட்டியில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவர். அம்மா இல்லை. தொண்டூர் செந்தமிழனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவன் ஜேசிபி ஓட்டுகிறவன். கமிட்டிக்குப் பின்னால் கால்வாய் வெட்ட வந்த இடத்தில் பார்த்துப் பேசிப் பழகி, அப்புறம்தான் பெரியவர்கள் பேசினார்கள். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது. மண்டபம் சொல்லியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. இருபது நாள்தான் இருந்தது.

செந்தமிழனின் அம்மா செல்லம்மாள்தான் மில்லுக்குப் போயே தீர வேண்டும் என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஜல்லி உடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவனுக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தார். ஒரே வருஷத்தில் பிரிந்து போனார்கள். மூத்தவன் குடிப்பான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் செல்லம்மாளுக்குப் பொருத்தத்தின் மேல்தான் சந்தேகம்.

செந்தமிழனுக்கு முப்பத்தொன்று. வெண்மதிக்கு இருநூற்றுப் பதினான்கு.

செல்லம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் முருகையனிடம் சுருக்கமாகச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பரிகாரம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகையைக் கிழித்துப் போட்டுக்கொள்ளலாம். பரிகாரத்துக்கு ஆனந்தராஜ் கேட்டது பெண்ணின் கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலி. அது வெண்மதியின் அம்மா விட்டுப் போன சங்கிலி. அந்த வீட்டில் இருந்த தங்கமும் அதுதான். செந்தமிழன் தரையைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்.

முருகையன் மகளிடம் கெஞ்சினார். "ரெண்டு நிமிஷம் தலையக் குனிஞ்சி உக்காந்துட்டு சங்கிலியக் குடுத்துட்டு வந்துடலாம்மா. இருநூத்திப் பதினாலுன்னு பேரு வாங்கின பொண்ண அப்புறம் எவன் வந்து கேப்பான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. கமிட்டியில் ஏற்கெனவே அவளை இருநூற்றுப் பதினாலு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர்ப் பானையில் அவள் மொண்டு வைத்த சொம்பை ஒருத்தி கழுவிவிட்டுக் குடித்தாள். வெண்மதிக்கே பயம் வந்துவிட்டது. சத்தத்தைக் காதால் கேட்டவள் அவள்தானே. இரவெல்லாம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நெல் வரத்து அதிகம். மழையில் நனைந்த சாக்குகளோடு ஒரு விவசாயி வந்தார். எடை மேடையில் வழக்கம் ஒன்று உண்டு. மூட்டையை ஏற்றும் முன்பு வெறும் சாக்கைத் தனியாக வைத்து எடை பார்ப்பார்கள். அதை மொத்தத்தில் கழித்தால்தான் நெல்லின் எடை. நனைந்த சாக்கு என்றால் இன்னும் ஜாக்கிரதை. கால் கிலோ கூட நிற்கும். விவசாயியும் வியாபாரியும் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட நாள்கள் உண்டு. வெண்மதி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்கிற வேலை. அன்று ஈரச் சாக்கைத் தராசில் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பின்னால் வரிசை கத்தியது. அவள் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் உட்கார இடமில்லை. முருகையனோடு அவர் சிநேகிதர் சிராஜுதீனும் வந்திருந்தார். பந்தல், லைட்டு, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். கல்யாணப் பந்தல் அவருடையதுதான். பந்தலுக்கு மூங்கில் வாங்குவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றார். எதிரில் செல்லம்மாள், பக்கத்தில் செந்தமிழன்.

ஆனந்தராஜ் இரண்டு கைகளையும் விரித்தார். "வாங்க தாயி. பொருள் கொண்டாந்தீங்களா?"

"கழுத்துல இருக்குது சாமி. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்றாள் வெண்மதி. "வெறும் நாற்காலிக்கு எவ்ளோ காட்டுது?"

"புரியல தாயி."

"நான் எடை போடுறவ. மூட்டைய ஏத்துறதுக்கு முன்னாடி வெறுஞ்சாக்க வச்சிப் பாப்பேன். இல்லன்னா சாக்கு எடையும் நெல்லு கணக்குல போயிடும். நீங்க என்னை வச்சிப் பாத்தீங்க. நாற்காலிய எப்ப வச்சிப் பாத்தீங்க?"

கரும்பொருள் புரியாத கூட்டம் அது. பாசிட்ரான் புரியாத கூட்டம். ஆனால் சாக்கு எடை புரிந்தது. அங்கே இருந்த நூறு பேரில் எண்பது பேர் வருஷம் முழுக்கச் சாக்கு எடைக்காகச் சண்டை போடுகிறவர்கள். துரைக்கண்ணு என்கிற பெரியவர், தன் பேத்தியின் வளையலைப் போன மாதம்தான் விட்டுவிட்டுப் போனவர், பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "பொண்ணு கேக்குறது நாயமாத்தான் இருக்குது. வச்சிக் காட்டுங்க சாமி."

ஆனந்தராஜ் சிரித்தார். பிரபஞ்ச விஷயத்தை நெல் மண்டியோடு ஒப்பிடக் கூடாது என்றார். காலியான பீடத்தைச் சோதித்தால் கருவி கோபித்துக்கொள்ளும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத்தான் வரும், அதை முன்னுக்கு இழுக்கப் பார்த்தார். கூட்டத்தில் வாட்ச் கட்டியவர்கள் இருந்தார்கள். அதற்குள் வெண்மதி மேசை மேலிருந்த பெட்டியை எடுத்துச் சிவப்பு நாற்காலியின் கைப்பிடியில், போன வாரம் அவர் வைத்த அதே இடத்தில் வைத்துவிட்டாள். நாற்காலியில் யாரும் இல்லை.

அப்பளம் பொரிந்தது. ஒரு நிமிஷம் முடிந்தபோது இருநூற்றுப் பதினொன்று.

"சாக்கக் கழிச்சா நான் மூணு" என்றாள் வெண்மதி. "இருநூத்திப் பதினாலுல இருநூத்திப் பதினொண்ணு சாக்கு."

கூட்டம் முணுமுணுத்தது. ஆனால் கைதேர்ந்தவன் அவ்வளவு சீக்கிரம் விழுவானா? முன்பு உட்கார்ந்த பெண்களின் கரும்பொருள் நாற்காலியில் படிந்திருக்கிறது என்றார் ஆனந்தராஜ். பேருந்து சீட்டில் எண்ணெய்த் தலை பட்டால் கறை நிற்பதில்லையா, அது போல. கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. நாலைந்து தலைகள் ஆடக்கூட ஆடின.

"அப்ப எனக்கு முன்னாடி உக்காந்தவளோட கறைக்கு என் சங்கிலிய கேக்குறீங்களா?" என்றாள் வெண்மதி. ஆடிய தலைகள் நின்றன. அவள் செந்தமிழன் பக்கம் திரும்பினாள். "நீ வந்து இதுல உக்காரு. நான் அந்த நீலத்துல உக்காருறேன். மாத்திப் பாத்துடலாம்."

செல்லம்மாள் மகனின் கையைப் பிடித்தார். பெண் உட்காரும் இடத்தில் ஆண் உட்காருவதா, நீ எழுந்திருக்காதே என்று பல்லைக் கடித்தார். ஆனந்தராஜும் இடம் வலம் மாறினால் அண்டத்தின் சமநிலை கெட்டுவிடும் என்றார். கூட்டம் செந்தமிழனைப் பார்த்தது. ஒரு டன் மண்ணை ஒரே அள்ளில் புரட்டுகிறவனுக்கு அந்த நாற்காலிக்கு நடந்து போவதற்குள் வேர்த்துவிட்டது. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வந்து, சிவப்பு வெல்வெட்டில் உட்கார்ந்தான்.

பெட்டி இரைந்தது. இருநூற்றுப் பத்தொன்பது.

"மிஷினு ரிப்பேரு" என்றார் செல்லம்மாள் உடனே.

மில்லே சிரித்தது. போன வாரம் மருமகளுக்கு இரைந்தபோது அது விஞ்ஞானம். இந்த வாரம் மகனுக்கு இரைந்தால் ரிப்பேர். கூட்டத்தில் மாமியார்களும் இருந்தார்கள். அவர்கள் மட்டும் சிரிக்காமல் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள். நீல நாற்காலியில் வெண்மதிக்கு இருபத்தொன்பது காட்டியதை அந்தச் சிரிப்பில் பாதிப் பேர் கவனிக்கவில்லை.

சிராஜுதீன் கவனித்தார். அவர் கவனித்தது வேறு ஒன்று. இரண்டு நாற்காலிகளும் பழசானபின் அவர் விற்றவை. நடந்து வந்து சிவப்பு நாற்காலியின் கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார். நீலத்தையும் அமுக்கினார்.

"முருகையா, நான் விக்கிறப்ப ரெண்டு நாற்காலிக்கும் கையி ஒல்லியாத்தான் இருந்துச்சு. செவப்புக்கு மட்டும் எப்டி சதை போட்டுச்சு?"

முருகையன் இடுப்பில் மூட்டைக் கொக்கி எப்போதும் இருக்கும். முப்பது வருஷப் பழக்கம்; கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். மகளின் சங்கிலியைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வீட்டுக்குப் போக வந்த மனுஷன், கொக்கியை உருவி வெல்வெட்டில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். சாக்கு கிழிகிற சத்தம் கேட்டது. பஞ்சு வந்தது. பஞ்சுக்கு அடியில் முழங்கை வைக்கும் இடத்தில் வெள்ளைப் பட்டு வலைப் பைகள், சின்னச் சின்னதாக, மடித்து அடுக்கியபடி நாற்பது இருந்தன.

பெட்ரோமாக்ஸ் மேண்டில்.

இந்தத் தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். கரண்ட் வராத காலத்தில் கல்யாண ஊர்வலத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து கூலி வாங்கினார்களே, அந்த விளக்குக்குள் வெள்ளையாய் எரிகிற வலை. சிராஜுதீனுக்கு நினைவு வந்துவிட்டது. அவர் கடைப் பரணில் பல வருஷமாகக் கிடந்த பழைய சரக்கு. போன வருஷம் ஆனந்தராஜ்தான் அட்டைப்பெட்டியோடு வாங்கிப் போனார், கரண்ட் கட்டுக்கு என்று சொல்லி. "அப்பவே நெனச்சேன். வெளக்கு இல்லாத ஆளு மேண்டில வாங்கி இன்னா பண்ணுவான்னு. கேக்கல. வித்தா போதும்னு இருந்துட்டேன்" என்றார். அன்று அந்த மில்லில் தன் தப்பைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வெண்மதி ஒரு மேண்டிலை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். டிக்டிக்டிக். தள்ளி வைத்தாள். டிக்... டிக். துரைக்கண்ணு தானும் ஒரு தடவை வைத்து எடுத்துப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்று ஆளாளுக்கு வைத்துப் பார்த்தார்கள். பழைய மேண்டில்களில் தோரியம் என்கிற உலோகத்தைச் சேர்த்திருந்தார்கள், வெளிச்சத்துக்காக. அது எப்போதும் கொஞ்சம் கதிர் வீசும். அந்தப் பெட்டி கதிரை எண்ணுகிற சாதாரணக் கருவி, ஆன்லைனில் கிடைக்கிறது. வெறுமனே வைத்தாலும் அது முப்பது டிக் சொல்லும். செஞ்சியின் பாறைகளிலும் கொஞ்சம் கதிர் உண்டு. அந்த முப்பதில் சில டிக் உண்மையிலேயே வானத்திலிருந்து காஸ்மிக் கதிர் கொண்டுவந்து சேர்த்தவை. ஆனந்தராஜின் நிலையத்தில் உண்மையான விண்வெளி விஞ்ஞானம் மாப்பிள்ளையின் நாற்காலியில்தான் நடந்திருக்கிறது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

பரிகாரத்துக்குப் பிறகு சத்தம் அடங்கியதன் ரகசியமும் வெளிவந்தது. மேண்டில்கள் முழங்கைப் பக்கம் மட்டும்தான். நகை கைக்கு வந்ததும் பெட்டியைக் கைப்பிடியின் நுனியில் வைப்பார். ஒரு முழ தூரத்தில் இருந்தது மோட்சம்.

ஆனந்தராஜ் அப்போதும் விடவில்லை. விஞ்ஞானம் வளர்கிற பருவத்தில் தவறுகள் சகஜம், விண்வெளியிலேயே இன்னும் ஆராய்ச்சி முடியவில்லையே என்றார்.

"முடியலன்னு அவங்க சொல்றாங்க இல்ல?" என்றாள் வெண்மதி. "நீங்க முடிஞ்சிபோச்சின்னு நகை வாங்குனீங்களே."

அவர் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். பின்வாசலில் ஏற்கெனவே பெண்கள் நின்றார்கள். துரைக்கண்ணு, மலையுச்சியில் எந்தப் பாறைக்குக் கீழே என் பேத்தி வளையல் இருக்கிறது, வா, ஏறலாம் என்று கையைப் பிடித்தார். பின்வாசல் வழியே தெரிந்த ராஜகிரிக் கோட்டை மலைப் படிகளை ஆனந்தராஜ் அண்ணாந்து பார்த்தார். அதை ஏறுவதைவிட உண்மையைச் சொல்வது சுலபம் என்று பட்டிருக்க வேண்டும். மாவு மில்லின் அரவைத் தொட்டியைக் காட்டினார். நெல் கொட்டுகிற வாயில் ஒரு துணி மூட்டை கிடந்தது. போலீஸ் வரும்வரை முருகையன் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு நகைகூட அரைபட்டிருக்கவில்லை. கொஞ்சம் மட்டும் தங்கம் உருக்குகிற கடைக்குப் போயிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் செந்தமிழன் வந்து நின்றான். வெண்மதி கேட்டாள்.

"எட்டு நாளா போன் எடுக்கல."

"பயமா இருந்துச்சு" என்றான். வேறு சாக்கு ஏதும் சொல்லவில்லை.

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. நான் யாருக்குப் போன் பண்றது?"

 அவன் சாக்குத் தேடாததால் அவள் கொஞ்சம் சமாதானமானாள். எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தானே, அதையும் அவள் கழித்துவிடாமல் சேர்த்துத்தான் எடை போட்டாள்.

செல்லம்மாள் முருகையனிடம் வந்தார். நடந்தது நடந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். "அந்தப் பத்துப் பொருத்தம் பெரியவங்க காலத்துலேந்து வர்றது அண்ணே. அதுல எட்டு இருக்குது. தேதிய மாத்த வேணாம்."

முருகையன் அழுதுவிடுவார் போல இருந்தார். மண்டபம், பந்தல், மகள், எல்லாம் ஒரே வாக்கியத்தில் திரும்பி வந்துவிட்டன. தலையாட்டவும் ஆரம்பித்துவிட்டார். வெண்மதிதான் குறுக்கே வந்தாள்.

"அத்தை, நாளைக்கு நமக்குள்ள ஒரு சண்டை வந்தா, அந்த ரெண்டு பொருந்தலன்னு சொல்வீங்க. அதையும் இப்பவே எடை போட்டுடலாம். ரெண்டு ஜாதகத்தையும் பேரு ஊரு இல்லாம மூணு ஜோசியர்கிட்ட குடுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிய வேணாம். மூணு பேரும் ஒண்ணே சொன்னா, நீங்க சொல்ற எடத்துல தலையக் குனிஞ்சி உக்காருறேன். இல்லன்னா கல்யாணம் நான் சொல்ற எடத்துல, நான் சொல்ற மாதிரி."

செல்லம்மாளுக்கு அது நல்ல பேரமாகத் தெரிந்தது. ஜோசியத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. பந்தயத்துக்கே போனார்.

முதல் ஜோசியர் எட்டுப் பொருத்தம், அமோகம் என்றார். இரண்டாமவர் ஐந்து என்றார். தோஷம் ஒன்று இருக்கிறது, கழிக்கலாம் என்றார். மூன்றாமவர் மூன்று என்றார். அதோடு விடவில்லை. இந்தப் பெண் காலெடுத்து வைத்தால் மாமியார் ஆறு மாதம் தாங்க மாட்டார் என்று செல்லம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னார். எதிரில் இருப்பவர்தான் மாமியார் என்று அவருடைய கட்டத்தில் போடவில்லை.

குறித்த நாளில், மண்டபத்தை வேண்டாம் என்றுவிட்டு, கமிட்டி எடைக்கூடத்தில் வெண்மதியும் செந்தமிழனும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அய்யர் இல்லை, அம்மி இல்லை. சுமை தூக்குகிற அறுபது பேர் சாட்சி. சங்கிலி அவள் கழுத்திலேயே இருந்தது. சிராஜுதீன் லைட்டுக்கு வாடகை வாங்கவில்லை. செல்லம்மாள் வந்தார், கொஞ்சம் தாமதமாக, மூச்சு வாங்க, கையில் மஞ்சள் பையோடு. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, சேத்துப்பட்டில் ஒரு ஜோசியர் ரொம்பச் சரியாகச் சொல்வாராம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவர் ஒன்பது பொருத்தம் சொன்னாராம்.

மூன்று கருவிகள் மூன்று விதமாகக் காட்டினால் விண்வெளிக்காரன் கருவியைக் கழற்றி மேசையில் போட்டு எது பழுது என்று பார்க்கிறான். நாம் நாலாவது ஜோசியர் வீட்டுக்கு பஸ் ஏறுகிறோம்.